தாலி ஏறும்வரை இறங்காத விளக்கு

குருவிக்கரட்டு ஆட்களோடு நீங்கள் இதுவரை பழகியதில்லை என்றால் கொடுத்து வைத்தவர்தான். தங்கமான மனிதர்கள். சொன்ன சொல்லை ஒரு எழுத்து பிசகாமல் செய்துவிடுவார்கள். அதுதான் தொல்லையே.

அந்த ஊர் ஒச்சப்பனுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். பெண் செவனம்மா. மாப்பிள்ளை வாங்கிவந்த விளக்கின் முன்னால்தான் தாலி கட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஒச்சப்பனோ, சந்தையில் மாடு பிடித்துவிட்டு, மாட்டை டீக்கடையில் மறந்து கயிற்றை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்தவன். அதனால் மாமனார் வீரணன் ஊரைக் கூட்டி வைத்துக் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

"தாலி ஏறுற வரைக்கும் விளக்கைக் கையை விட்டு எறக்கக் கூடாது. எறக்குனா பொண்ணு கிடையாது."

செவனம்மா என்றால் ஒச்சப்பனுக்கு உயிர்.

துணைக்கு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு சங்குமுனைப் பட்டணத்துக்குப் போனான். ஒருவர் சங்கையா. எதையும் நாலு பக்கமும் யோசிப்பவர் என்று பெயர். மற்ற இரண்டு பேர் மொக்கராசுவும் பூச்சியும். யோசிக்கிற வேலையைச் சங்கையாவிடமே விட்டவர்கள். இடுப்பளவு வெண்கல விளக்கு ஒன்றை வாங்கி, ஒச்சப்பன் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். அப்புறம் டீயைப் பூச்சி அவன் வாயில் ஊற்றினான். காது அரித்தால் மொக்கராசு சொறிந்துவிட்டான்.

பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. கரையிலிருந்து பார்த்தால் கடலுக்கு நடுவே ஒரு திட்டு, அதன்மேல் சிப்பிக்கோட்டை. பறங்கிக்காரன் எவனோ எந்தக் காலத்திலோ கட்டியது. அதைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் கேவலம் என்றார் சங்கையா. படகில் ஏறினார்கள்.

கோட்டைப் படித்துறையில் இறக்கிவிட்ட படகுக்காரர், பாசி வழுக்கும், எண்ணி எண்ணிக் கால் வையுங்கள் என்றார். எண்ணினார்கள். எட்டுப் படி. சாயங்காலம் வருகிறேன் என்று அவர் போய்விட்டார்.

உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. கூரை போன அறைகள், ஆட்டுப் புழுக்கை, மூலையில் நாலைந்து பீரங்கிக் குண்டுகள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் கை கழுவப் போன பூச்சி, முகம் வெளுத்து ஓடி வந்தான். படி அஞ்சுதான் இருக்கிறதாம்.

எல்லோரும் போய் எண்ணினார்கள். அஞ்சேதான். கண்மாயை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மழை பெய்யாமல் தண்ணீர் ஏறாது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

சங்கையா தாடையைத் தடவினார். "தண்ணி ஏறல. அப்ப கோட்டைதான் எறங்குது. நம்ம நாலு பேரு பாரம் அதுக்குத் தாங்கல."

பாரத்தைக் குறைக்க வேண்டும். சோற்றைச் சாப்பிட்டுத் தீர்த்துவிடலாமே என்று பூச்சி ஆசையாகக் கேட்டான்.

"தின்னா சோறு எங்க இருக்கும்? உன் வயித்துல. நீ எங்க இருக்க? கோட்டையில."

சங்கையா சொன்னால் சொன்னதுதான். சோறு கடலுக்குப் போனது. பின்னாலேயே செருப்புகள் போயின, வெற்றிலைப் பெட்டி போனது, மூச்சு முட்ட உருட்டிய பீரங்கிக் குண்டுகள் போயின. திரும்பி எண்ணினால் மூன்று படிதான் மிச்சம். எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள்.

"கோட்டை போனாப் போகுதுண்ணே. எனக்குச் செவனம்மா வேணும்" என்று ஒச்சப்பன் அழுதுவிட்டான். கை காலியில்லாததால் கண்ணை மொக்கராசு துடைத்தான்.

கோட்டையோடு நீயும் முங்கினால் தாலி கட்டுவது யார் என்று சங்கையா நியாயம் கேட்டார். ஒச்சப்பன் யோசித்தான். விளக்கை விட முடியாது. கோட்டையை விடலாம். படித்துறைக்குப் பக்கத்தில் இருந்த பாறையில் இறங்கி, மார்பளவு தண்ணீரில், விளக்கைத் தலைக்குமேல் தூக்கியபடி நின்றான். நண்டு கடித்தது. நின்றான்.

வெயில் தாழும்போது நாலாவது படி தெரிந்தது. அப்புறம் அஞ்சு, ஆறு. கடைசியில் எட்டும் வந்துவிட்டன. சங்கையாவுக்கே மெய்சிலிர்த்துவிட்டது. ஒரு மாப்பிள்ளை இறங்கியதற்கே கோட்டை இவ்வளவு ஏறுகிறதென்றால், மூன்று பேரும் ஒரேயடியாக இறங்கினால் அது எங்கே போய் நிற்குமோ. அதனால் படகு வந்ததும், நூறு நூறாக எண்ணி இடைவெளி விட்டு, ஒவ்வொருவராக மெதுவாக ஏறினார்கள். செருப்பெல்லாம் எங்கே என்று விசாரித்த படகுக்காரர், விவரத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, படகைக் கரைக்கு வேகமாக விட்டார்.

வெள்ளிக்கிழமை. ஒச்சப்பன் மணையில் விளக்கோடு உட்கார்ந்திருந்தான். தாலியை எடுத்து நீட்டினார்கள். வாங்கக் கை இல்லை.

மேளம் நின்றது. கீழே வைத்தால் பெண் கிடையாது. வைக்காமல் தாலி கட்ட முடியாது. வீரணன் விழித்தார். ஊரறியக் கொடுத்த வாக்கை அவரே எப்படி மீறுவார்? வேண்டுமானால் நான் கட்டுகிறேனே என்றான் மொக்கராசு. அப்புறம் பெண்டாட்டி உனக்காகிவிடுவாள் என்று நாலு பேர் அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். முகூர்த்தம் கழிந்துகொண்டிருந்தது. ஒச்சப்பனுக்கு மறுபடி கண் கலங்கியது.

சங்கையா எழுந்தார். "மாமா, தாலி ஏறணும்னுதான சொன்னீக. யாரு கழுத்துலன்னு சொன்னீகளா?"

வீரணன் தான் சொன்னதை ஒரு தரம் முணுமுணுத்துப் பார்த்தார். "இல்லையே, அதச் சொல்லலையே."

செவனம்மா தாலியை வாங்கிக்கொண்டாள். "கொஞ்சம் குனிங்க" என்றாள். ஒச்சப்பன் விளக்கோடு குனிந்தான். மூன்று முடிச்சும் விழுந்தது, மேளம் கொட்டியது, அவனும் ஒருவழியாக விளக்கை இறக்கிவைத்துக் கையை உதறிக்கொண்டான்.

இப்போதும் ஆடிப்பெருக்குக்கு ஒச்சப்பன் தவறாமல் கண்மாயில் தலைமுழுகி, மஞ்சள் பூசிப் புதுக்கயிறு மாற்றிக்கொள்கிறான். செவனம்மா நூறு வருஷம் நல்லா இருக்கணுமே.