ஒரு அலைக்கு நங்கூரம்

நடுக்கடலில் மீன் வளர்க்கும் மிதவைக் கூண்டை இறக்கி நங்கூரத்தில் கட்ட, அந்தக் கரையில் கித்தேரியானை விட்டால் ஆள் கிடையாது. கூண்டுக்குச் சொந்தக்காரரான தங்கையா முதலாளிக்கோ குற்றம் கண்டுபிடித்தால்தான் தூக்கம் வரும்.

"கயிறு ஏன்டா இப்படித் தொய்யுது? விறைப்பா இழுத்துக் கட்டு. இல்லன்னா உன் ஆளுங்களோட வேலையை விட்டுப் போ" என்றார் படகில் நின்று.

"கட்டிருவோம் முதலாளி. ஒரே ஒரு அலைக்கு நீங்க நங்கூரமா நில்லுங்க." கூண்டின் கயிற்றை அவர் கையில் திணித்தான் கித்தேரியான். "விறைப்பாப் பிடிக்கணும், விட்டுக்கொடுக்கப்படாது."

அலையில் கூண்டு எழும்பியது. முதலாளி அலறிக் கயிற்றை விட்டார்.

"என்ன முதலாளி, தொய்ய விட்டுட்டீங்க?"

"கை பிஞ்சிரும்டா."

"விறைப்பாக் கட்டினா நங்கூரமும் அப்படித்தான் பிஞ்சு வரும்."

முதலாளி உள்ளங்கையை ஊதினார். "சரி, உன் இஷ்டப்படியே கட்டு."

"என் ஆளுங்களுக்குக் கேக்கல. உரக்கச் சொல்லுங்க."

உரக்கவே சொன்னார்.