சவரி இருந்திருந்தா

"மேடம், நான் இன்னும் எத்தனை பந்து புடிச்சா இவங்க சவரி அண்ணனை மறப்பாங்க?"

செங்கோடன் இதைக் கேட்டபோது கோச் ரெஜினா பந்துகளை வலைப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மற்றப் பையன்கள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள்.

"நீ மறந்துட்டியா?"

"நானா? நான் எப்படிங்க மறப்பேன்?"

"அப்புறம் அவங்களை மட்டும் ஏன் மறக்கச் சொல்ற?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு உயரமான ஆள் அழுதால் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது, பாவம். பையிலிருந்து பதினாலாம் நம்பர் ஜெர்சியை எடுத்து, மடித்தது மடித்தபடி நீட்டினான்.

"எனக்கு வேண்டாமுங்க மேடம். வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. நான் இனிமே ஆட வரலீங்க."

கோச் அதை வாங்கவில்லை.

பதினாலு, சவரிநாதனின் நம்பர். திருச்சியில் அந்தக் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு அவன்தான் சென்டர். சென்டர் என்றால் கூடைக்குக் கீழே நிற்கிற நெட்டையன், அணியே அவனை நம்பித்தான் நிற்கும். படிப்பு முடிந்து சென்னையில் பேங்க் வேலைக்குப் போய்விட்டான். போனவன் சும்மா போகவில்லை, ஆட்டத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டான் என்று கேலரியே புலம்பியது.

அவன் போன வருடம்தான் செங்கோடன் வந்து சேர்ந்தான். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பையன். நல்ல உழைப்பாளி. முட்டினால் சுவர்தான், நகர்த்த முடியாது. ஆனால் என்ன செய்ய, யாருக்கும் சுவர் வேண்டியிருக்கவில்லை. பறக்கிறவன் வேண்டியிருந்தது.

கேப்டன் ஹபீப்தான் பந்தைக் கொண்டுவந்து கொடுப்பவன். முதல் வருடம் சவரியோடு ஆடியவன். கூடைக்கு வலப்பக்கம், உயரத்தில், ஆள் இருக்கிறானா என்று பார்க்காமலே பந்தை வீசுவான். அந்தக் காலத்தில் சவரி எங்கிருந்தோ எழும்பி அங்கே இருப்பான். இப்போது செங்கோடன் எழும்புவான். ஒரு சாண் குறையும். பந்து அவன் விரலுக்கு மேலே போய், கோட்டுக்கு வெளியே இருக்கும் தண்ணீர் டிரம்மில் மோதும்.

டங்.

உடனே கேலரியில் இருந்து துரைசிங்கம் சாரின் குரல் வரும். வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஆட்டம் விடமாட்டார்.

"சவரி இருந்திருந்தா புடிச்சிருப்பான்!"

அந்த டிரம்மைத் தள்ளி வைக்க இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அதுவும் நம்ம ஆட்களின் குணம்தான்.

"அவங்களை விடுங்க மேடம்," என்றான் செங்கோடன். "நேத்து நீங்களே 'சவரி, கையைத் தூக்கு'ன்னு கத்துனீங்க. என்னையப் பாத்துத்தான் கத்துனீங்க."

கோச் வலைப்பையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார். கத்தியது உண்மைதான்.

"ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லி ஒருத்தர் கத்துனாப் போதுமுங்க. அதுக்கே ஏங்கிப்போச்சு."

"ஞாயித்துக்கிழமை என்ன?"

"பழைய பசங்க நம்மகூட ஆடற ஆட்டமுங்க."

"நீ இறங்காத. துரைசிங்கம் சார் பக்கத்துல உக்காந்து பாரு."

"அவரு பக்கத்துலயா? வேற தண்டனையே கெடைக்கலீங்களா மேடம்?"

"ஜெர்சியை எடுத்துட்டு வா. ஆட்டம் முடிஞ்சும் வேணாம்னா அன்னிக்கு வாங்கிக்கிறேன்."

அவ்வளவுதான். பந்துப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கேலரியில் உட்கார இடமில்லை. சவரி வருகிறான் என்று தெரிந்துவிட்டதே!

வந்தான். அதே உயரம், அதே சிரிப்பு. சட்டைக்குள்ளே சின்னதாகத் தொப்பை. வலது முட்டியில் கறுப்புப் பட்டை. கடைசி வருடம் இறுதி ஆட்டத்தில் விழுந்து அடிபட்ட முட்டி அது. ஆபரேஷன் ஆனது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

துரைசிங்கம் சார் எழுந்து ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தார். போட்டோ எடுத்துக்கொண்டார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் செங்கோடன் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, இன்னிக்குப் பாருங்க. சென்டர்னா என்னன்னு பாருங்க."

"சரிங்க சார்."

ஜெர்சி இல்லாமல் அவன் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருடமாக அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஆட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. கடைசிப் பகுதி வரும்போது பழைய பையன்களுக்கு மூச்சு வாங்கும். அதனால் இப்போதைய அணியின் கேப்டனை அவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஹபீப் அந்தப் பக்கம் போனான். அதுவரை வெளியே உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்த சவரியும் அப்போதுதான் இறங்கினான்.

ஹபீப்பும் சவரியும் மறுபடி ஒரே பக்கம். கேலரி எழுந்து நின்றுவிட்டது.

"சவரி! சவரி!"

செங்கோடனும் கத்தினான். வாய் தானாகவே கத்தியது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சேலத்தில் ஒரு போட்டியில் சவரியைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே முடிவு பண்ணி இந்தக் கல்லூரிக்கு வந்தவன் அவன்.

ஹபீப் பந்தோடு வந்தான். பார்க்கவில்லை. வலப்பக்கம், உயரத்தில் வீசினான்.

சவரி எழும்பினான்.

டங்.

இப்போதுதானே இறங்கியிருக்கிறான், உடம்பு சூடாகட்டும் என்று எல்லாரும் கை தட்டினார்கள். சவரியும் கையைத் தூக்கி, இன்னொன்று போடு என்று காட்டினான்.

அடுத்த தடவை ஹபீப் வந்தான். அதே இடம், அதே உயரம். சவரி ஓடிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் இடது காலில் வைத்து எழும்பினான்.

ஒரு சாண் குறைந்தது.

டங்.

கேலரியில் யார் முகத்திலும் ஈ ஆடவில்லை. அந்த அமைதியில் துரைசிங்கம் சாரின் குரல் மட்டும், பழகிய குரல், தன்பாட்டுக்கு எழுந்தது.

"சவரி இருந்திருந்தா புடிச்சிருப்பான்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

சவரி இடுப்பில் கை வைத்து நின்று கேலரியைப் பார்த்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஆமா சார்," என்றான். "கண்டிப்பாப் புடிச்சிருப்பான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நொண்டிக்கொண்டே படியேறி வந்து செங்கோடன் பக்கத்தில் உட்கார்ந்தான். முட்டிப் பட்டையை அவிழ்த்தான். அந்தப் பக்கம் துரைசிங்கம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீதான் பதினாலா?" என்றான் சவரி.

"ஆமாங்ணா. பேரு செங்கோடனுங்ணா."

"நான் ஆடிப் பாத்திருக்கியா?"

"சேலத்துல பாத்தனுங்ணா."

"எப்படி இருந்துச்சு?"

செங்கோடனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "மேல போனீங்ணா. மத்தவங்கெல்லாம் எறங்கிட்டாங்க. நீங்க எறங்கவே இல்லீங்ணா."

சவரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"எல்லாரும் பாத்திருக்கீங்க," என்றான். "நான்தான்டா அவன் ஆடிப் பாத்ததே இல்ல. எனக்கு ஆசையா இருக்கு. இன்னும் கொஞ்சம் சொல்லேன்."

செங்கோடன் வாயைத் திறந்தான்.

கீழே விசில் சத்தம் கேட்டது. கோச் ரெஜினா நடுக்கோட்டில் நின்று மேலே பார்த்தார். பழைய பையன்கள் பக்கம் சென்டர் இல்லை. ஆட்டம் இன்னும் முடியவில்லை.

"என்னடா, ஜெர்சி கொண்டுவந்திருக்கியா?"

"இருக்குதுங்க மேடம்."

"குடுக்கறியா, போடறியா?"

செங்கோடன் சவரியைப் பார்த்தான். சவரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். கூடைக்கு வலப்பக்கம், உயரத்தில், ஆளில்லாத அந்த இடத்தை.

செங்கோடன் ஜெர்சியைத் தலை வழியாக மாட்டிக்கொண்டே படியிறங்கி ஓடினான்.

நேராக ஹபீப்பிடம் போனான்.

"ஹபீப்ணா, எனக்கு மேல வேண்டாமுங்ணா. தரையில தட்டிக் குடுங்க."

"தரையிலயா?"

"கூடைக்குக் கீழ எடது பக்கமா நிப்பேன். என்னை எவனும் நகர்த்த முடியாதுங்ணா."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கலீங்களே."

"கேட்டாத்தான் சொல்லுவியாக்கும்! நல்ல ஆளுடா நீ. போ, போய் நில்லு."

போய் நின்றான். முதுகில் ஒருவன் முட்டினான், பக்கத்தில் ஒருவன் இடித்தான். அவன் அசையவில்லை.

ஹபீப் பந்தோடு வந்தான். பழக்க தோஷத்தில் கை மேலே போனது. பாதியில் நிறுத்தினான். இத்தனை நாளில் முதல் தடவையாக, செங்கோடன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தான். பார்த்து, தரையில் தட்டினான்.

பந்து செங்கோடன் கைக்கு வந்தது. திரும்பினான். தூக்கிப் போட்டான். பந்து வளையத்தின் விளிம்பில் ஏறிச் சுற்றியது. விழவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

கேலரியில் துரைசிங்கம் சார் பாதி எழுந்துவிட்டார்.

"சவரி இருந்திருந்..."

சவரி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

"இங்கதான் சார் இருக்கேன். பேசாம செங்கோடன் ஆடுறதைப் பாருங்க."