தூண்டில் கம்பு நகை போட்டுக்கொண்ட கதை

மூங்கிலுக்கும் மீனுக்கும் பறவைக்கும் வாயிருந்து, மனிதரோடு சரிக்குச் சரி வம்பளந்த அந்தக் காலத்தில், ஆறு போய்க் கடலில் சேருகிற இடத்தில் ஒரு ஊர் இருந்தது. ஊரே தூண்டில்காரர் ஊர். அப்போதெல்லாம் தூண்டில் கம்பு என்றால் வெறும் மூங்கில்தான். வெட்டுவார்கள், நிழலில் காயப்போடுவார்கள், தீயில் வாட்டி நேராக்குவார்கள், நுனியில் தூண்டில் கயிற்றைக் கட்டுவார்கள். அவ்வளவுதான் வேலை. கம்பின் உடம்பில் ஒரு இழை நூல்கூட இருக்காது.

ஐப்பசி மழையில் ஆற்று வாயை அடைத்திருந்த மணல்திட்டு உடைந்ததும் கடலிலிருந்து கொடுவா மீன் உள்ளே ஏறி வரும். அது வருகிற முதல் நாள் வீட்டுக்கு ஒரு கம்பு கரைக்குப் போக வேண்டும். கம்பைச் செய்தது யாரோ, அவரேதான் அதைப் பிடித்து நிற்க வேண்டும். கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிற்க ஒரு இடம் உண்டு. அதற்கு நிலை என்று பெயர். கம்பு முறிந்தால் ஊர் சிரிக்கும். மூன்று வருஷம் தொடர்ந்து முறிந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நிலையைப் பிடுங்கி வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதன்பிறகு சேற்றில் நண்டு தோண்டித்தான் வயிறு கழுவ வேண்டும்.

இருளாயி வீட்டுக் கம்பு இரண்டு வருஷமாக முறிந்திருந்தது.

மூன்றாம் வருஷத்துக் கம்பை அவள் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டே செய்தாள். பிள்ளை தூங்கினால் தீ மூட்டுவாள், சிணுங்கினால் அணைப்பாள். அப்படி விட்டு விட்டுச் செய்தும் கம்பு கோடு கிழித்தது போல நேராக வந்தது. நெட்டையன் என்று பேர் வைத்தாள். நெட்டையனுக்கோ தன் உடம்பைப் பற்றி ஏகப்பட்ட பெருமை.

"இந்தக் கரையில என்னை மாதிரி வழுவழுன்னு ஒருத்தன் உண்டா தாயி?" என்று நாளுக்கு நாலு தடவை கேட்பான்.

கொடுவா வர நாலு நாள் இருந்தது. இருளாயியின் புருஷன் கருப்பணன் சும்மா இருக்க முடியாமல் நெட்டையனை வளைத்துப் பார்த்தான். மூன்றாம் கணுவுக்கு மேலே 'டிக்' என்று ஒரு சத்தம்.

"என்ன மச்சான் அது?"

"ஒண்ணுமில்லை. எறும்பு நடந்திருக்கும்."

"எறும்பு செருப்புப் போட்டுக்கிட்டா நடக்குது? கொண்டா இங்கே."

நகத்தால் தடவினாள். மயிரிழை போல ஒரு விரிசல், ஒரு சாண் நீளத்துக்கு ஓடியிருந்தது. புது மூங்கில் வெட்டினால் காயவே மூன்று மாசம் ஆகும். கருப்பணன் தலையைக் குனிந்துகொண்டே போய்த் தென்னங்கயிறு எடுத்துவந்தான். விரிசல் மேல் இறுக்கிச் சுற்றி முடிச்சும் போட்டான். முடிச்சு எலுமிச்சங்காய் பருமன் இருந்தது.

மறுநாள் காலையில் இருளாயியோடு கரைக்குப் போய் வீசிப் பார்த்தான். பின்னால் போன தூண்டில் கயிறு முன்னால் வரும்போது அந்த முடிச்சில் மாட்டிக்கொண்டது. முள் தண்ணீருக்குப் போகாமல் கருப்பணனின் தலைப்பாகையைக் கவ்வியது. பட்ட மரத்தில் உட்கார்ந்திருந்த மீன்கொத்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நல்ல பெரிய மீன் கருப்பணா! செதிலைச் சீவிட்டுக் குழம்பு வை!" என்றது. பிறகு கம்பைப் பார்த்தது. "ஏ நெட்டையா, கால் ஒடிஞ்ச ஆட்டுக்குக் கட்டுப் போட்ட மாதிரி நிக்கிறியே, வைத்தியர் என்ன சொன்னார்? பத்தியம் உண்டா?"

பக்கத்து நிலைக்காரி செம்பாயி. அவள் கம்பு ஒரு வருஷம்கூட முறிந்ததில்லை. அவளும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "என்ன மதினி, அடுத்த வருஷம் நண்டு தோண்ட இப்பவே கம்பு தயார் பண்றியா?"

கம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சுவரில் சாய்த்ததும் நெட்டையன் வெடித்தான்.

"அவிழ்த்துப் போடு தாயி. முறிஞ்சாலும் முறியறேன், சீக்காளி மாதிரிக் கட்டோட நிக்க மாட்டேன்."

"கட்டு இல்லாம நின்னா நீ ரெண்டு துண்டு. எங்க நிலையும் போயிரும்."

"கட்டோட நின்னா நான் வளைய மாட்டேன். வெட்கப்பட்ட உடம்பு வளையாது."

வளையாத கம்பு நிச்சயம் முறியும். இருளாயிக்கு அது தெரியாதா? தென்னங்கயிற்றை அவிழ்த்து மூலையில் எறிந்தாள். காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே யோசித்தாள். தொட்டிலில் பிள்ளை தன் அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டு கிடந்தான்.

"ஏலே நெட்டையா, இந்தப் பய இடுப்புல என்ன இருக்கு?"

"அரைஞாண்."

"அதுவும் கயிறுதானே? பிள்ளைக்கு இடுப்பு ஒடிஞ்சிருச்சுன்னு எவளாவது கேட்டாளா?"

"கேட்கலை. அழகா இருக்குன்னு கொஞ்சிட்டுத்தான் போறாளுக."

"உனக்கும் போட்டு விடறேன். கட்டு இல்லை, நகை. சரிதானா?"

நெட்டையன் கொஞ்சம் யோசித்தான். "தேங்காய் நாருலயா?" என்று சந்தேகமாகக் கேட்டான்.

இருளாயி பெட்டியைத் திறந்தாள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல சேலை. சிவப்பும் மஞ்சளுமாகக் கல்யாணத்துக்கு எடுத்தது. முந்தானையை மடியில் விரித்து, ஊசி முனையால் ஓரத்தை நெம்பி, முதல் இழையை உருவினாள்.

"ஏ புள்ள!" என்று கருப்பணன் பதறினான். "அது ஒண்ணுதானே வச்சிருக்கே!"

"இதைக் கட்டிக்கிட்டு நண்டு தோண்டவா போகச் சொல்றே? எல்லாம் உன் எறும்பு பண்ணின வேலை. பிள்ளையைத் தூக்கு மச்சான், எனக்கு ரெண்டு கையும் வேணும்."

முதலில் கையால் சுற்றினாள். நூல் தளர்ந்து புடைத்துக்கொண்டு நின்றது. அவிழ்த்தாள். நூலை அம்மிக் குழவிக்கு அடியில் கொடுத்து வாங்கி, நூலைச் சுற்றாமல் கம்பை மடியில் வைத்து உருட்டினாள். இப்போது நூல் விறைப்பாக வந்தது. ஒரு சுற்றோடு அடுத்த சுற்று தோள் உரசிக்கொண்டு, நடுவில் ஊசி நுழைய இடமில்லாமல் படிந்தது. வாயைப் பிளந்திருந்த விரிசல் மூடிக்கொண்டது.

கடைசியில் பழக்கத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். விரல் வைத்துத் தடவினால் கடுகு மாதிரித் தட்டியது. வேகமாக வருகிற கயிறு கடுகிலும் மாட்டும். மறுபடியும் அவிழ்த்தாள்.

"முடிச்சு இல்லாம நூல் எப்படி நிக்கும்?" என்றான் கருப்பணன், பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே.

"நிக்க வைக்கிறேன் பாரு."

பாதி நாள் அதிலேயே போனது. ஒரு தடவை சுற்று மொத்தமும் சரிந்தது. ஒரு தடவை இழை அறுந்தது. பிறகு ஒரு துண்டு நூலை வளையமாக மடித்துக் கம்போடு படுக்க வைத்தாள். கடைசிப் பத்துச் சுற்றையும் அதன் மேலேயே சுற்றினாள். மிச்சமிருந்த நுனியை வளையத்துக்குள் கோத்து, வளையத்தின் வாலைப் பிடித்து மெல்ல இழுத்தாள். வளையம் நுனியையும் இழுத்துக்கொண்டு சுற்றுகளுக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் கழன்று கையோடு வந்துவிட்டது. வெளியே எட்டிப் பார்த்த நுனியை நறுக்கினாள். தொடக்கம் எது, முடிவு எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எங்கே புள்ள நுனி?"

"உள்ளே போய்ப் படுத்துக்கிச்சு. எழுப்பாதே."

அடுத்து மஞ்சள் இழையை எடுத்தாள். சிவப்பின் மேல் இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு என்று ஓட்டினாள். இரண்டும் வெட்டிக்கொண்ட இடங்களுக்கு நடுவே கண் கண்ணாகக் கட்டங்கள் விழுந்தன. விரிசலின் நீளத்துக்கு வரிசையாக ஏழு கண்.

"இன்னும் ஒண்ணு போடு தாயி" என்றான் நெட்டையன்.

"ஆசையைப் பாரு! முந்தானையில முக்கால்வாசி உன் உடம்புல இருக்கு."

படகுக்குப் பூசுகிற குங்கிலிய எண்ணெயைத் தடவி வெயிலில் வைத்தாள். காய்ந்ததும் கண்ணாடி போலப் பளபளத்தது. மீன்கொத்தி கூரையில் வந்து உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. தன் நீலச் சிறகையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டது. "சுமார்தான்" என்று சொல்லிவிட்டுப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மறுபடியும் பார்த்தது.

அந்த நாள் வந்தது. கரை முழுக்க ஜனம். இருளாயி தன் நிலையில் நின்று வீசினாள். கயிறு எங்கேயும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கருப்பணன் பின்னால் நின்றான்.

முதலில் செம்பாயி கம்பில்தான் மீன் கடித்தது. வெறும் மூங்கில் ஒரே இழுப்பில் 'படார்' என்று முறிந்தது. செம்பாயி கையில் அடிக்கட்டையோடு வாயைத் திறந்தபடி நின்றாள். அறுத்துக்கொண்டு வந்த அதே கொடுவா நேரே இருளாயி தூண்டிலைக் கவ்வியது.

"அட, இந்த வீட்டுக் கம்பா! ரெண்டு வருஷமா முறிச்சுப் பழகின கம்பாச்சே" என்றது கொடுவா. "மூங்கிலே, உன் விரிசல் எங்கே இருக்குன்னு கயிறு வழியாவே எனக்குத் தெரியுது."

"தெரிஞ்சா நல்லா இழு. எதுக்குப் பேச்சு?" என்றான் நெட்டையன்.

கொடுவா இழுத்தது. நெட்டையன் வளைந்தான். நுனி தண்ணீரைத் தொட்டது. வளைவு இறங்கி இறங்கி மூன்றாம் கணுவுக்கு வந்து நின்றது. சிவப்பு நூல் கிறீச்சிட்டது. ஏழு கண்ணும் நீண்டு ஒடுங்கின. இருளாயியின் கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்தது.

"விட்டுராதே புள்ள!"

"நான் விட்டாலும் இவன் விட மாட்டான் மச்சான்!"

இழுத்து இழுத்துக் கொடுவாவுக்குத்தான் மூச்சு வாங்கியது. கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்து, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரைக்கு வந்தது. பிள்ளையைவிட நீளம் அதிகம்.

ஊர் அம்பலகாரர் வந்து நெட்டையனைக் கையில் வாங்கினார். முறிந்த தடம் இருக்கிறதா என்று அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவினார். எங்கும் தட்டவில்லை. "முறிவும் இல்லை, விரிசலும் இல்லை" என்று ஆரம்பித்தார்.

இருளாயி பேசுவதற்குள் நெட்டையன் கரைக்கே கேட்கும்படி கத்தினான். "விரிசல் இருக்கு அம்பலம்! ஏழு கண்ணுக்கும் கீழே ஒரு சாண் நீளத்துக்கு இருக்கு. எல்லாரும் வந்து பாருங்க, இங்கேதான் நான் தாங்கினேன்!"

ஜனம் முண்டியடித்துக்கொண்டு வந்து பார்த்தது. அம்பலகாரர் கம்பை இருளாயியிடம் திருப்பிக் கொடுத்தார். "நில்லும்மா. உன் நிலையில நீயே நில்லு."

கூட்டம் கலைந்த பிறகு செம்பாயி அடிக்கட்டையோடு வந்தாள். "மதினி, புதுக் கம்பு செஞ்சதும் எனக்கும் சுத்திக் குடு. விரிசல் விடுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

"குடுக்கிறேன். முந்தானை யாருது?"

"என்னுதுதான் மதினி" என்றாள் செம்பாயி. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று முதல்தான் தூண்டில் கம்பு நூல் நகை போடாமல் கரைக்குப் போவதில்லை. நூல் சுற்றுகிற கைகளும் முடிச்சுப் போடுவதை விட்டு நுனியை உள்ளே புதைக்கின்றன. கம்பு எந்த இடத்தில் அதிகம் வளைந்து பாரத்தைத் தாங்குமோ, அந்த இடத்துக்குத்தான் இன்றைக்கும் நல்ல நிறமும் நெருங்கின கண்ணும் தேடித் தேடிப் போடுகிறார்கள்.