மேஸ்திரி சொல்லிக் காட்டிய ‘ஆகட்டுங்க’

எங்கள் ஊர்ப் பஞ்சு மில் ஓடிய காலத்தில் மேஸ்திரி பொன்னுரங்கம் வாயைத் திறந்தாலே வசவுதான். ஒரு நாள் மில்லில் வேலை பார்த்த ராமாத்தாள் பதிலுக்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அவர் அவளை முதலாளி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“என்னை அவமானப்படுத்திட்டாளுங்க. வேலையை விட்டு நிறுத்துங்க.”

“என்ன சொன்னா?”

“‘ஆகட்டுங்க’ன்னு சொன்னாளுங்க.”

“மரியாதையாத்தானே சொல்லியிருக்கா?”

“சொன்ன விதத்தை நீங்க கேக்கலீங்களே!”

ராமாத்தாள் பணிவாக, “நான் சொன்ன மாதிரியே மேஸ்திரி உங்களைப் பார்த்துச் சொல்லிக் காட்டட்டுங்க,” என்றாள்.

ஆத்திரத்தில் மேஸ்திரி தலையைச் சாய்த்து, உதட்டைப் பிதுக்கி, “ஆ...கட்டுங்ங்க!” என்று இழுத்தார்.

முதலாளி துள்ளி எழுந்தார். “யாரைப் பார்த்துடா சொல்றே?”

அன்றைக்கு வேலை போனது மேஸ்திரிக்கு.

மில் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பந்தியில் யாராவது ‘ஆகட்டுங்க’ என்று இழுத்தால், அந்தக் கால ஆட்கள் நாங்கள் இன்னமும் ராமாத்தாளைத் தேடித் திரும்பிப் பார்க்கிறோம்.