மூன்றாவது முறை

காவிரி கடலில் கலக்கும் துறைமுகத்தில் அந்தக் காலத்தில் ஒரு புத்த விகாரம் இருந்தது. அங்கே போதனைகளை யாரும் எழுதி வைக்கவில்லை. அவை பிக்குகளின் நினைவில் இருந்தன. மூத்த பிக்குவான சீலநந்தித் தேரர் ஓதுவார். மற்றவர்கள் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வார்கள்.

அந்த மழைக்காலத்தில் சீனத்திலிருந்து மிங்ஷூ என்ற பிக்கு வந்து தங்கியிருந்தார். தேரர் ஓத ஓத அவர் எழுதிக்கொண்டார். பௌர்ணமிக்கு மறுநாள் அவருடைய கப்பல் கிளம்பும்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு தேரர் ஒரு பகுதியை விட்டுவிட்டார்.

கவனித்தவன் இளம் பிக்கு மித்திரன் மட்டும்தான். அந்தப் போதனையைத் தேரரிடம் ஏற்கெனவே முழுதாகக் கேட்டு முடித்தவன் அவன் ஒருவனே.

விட்டது சிறிய பகுதி. ஒரு பிக்கு வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடக்கிறார். யாரும் அருகே போகவில்லை. புத்தர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தம் கையால் அவரைக் கழுவுகிறார். அவ்வளவுதான்.

மித்திரன் உப்பளத்துக்காரர் மகன். அவன் குடும்பத்தில் போதனை கேட்ட முதல் ஆள் அவன். தனக்குத் தெரிந்தது சரிதானா என்ற பயம் பன்னிரண்டு ஆண்டுகளாக அவனை விட்டதில்லை. இப்போது பயம் இரண்டாகிவிட்டது. அவன் நினைவு தவறாக இருந்தால், ஆசிரியர் மேல் பழி சொன்னவன் ஆவான். சரியாக இருந்தால் அதைவிட மோசம். ஓதும்போது ஒரு பகுதியை விட்டவர் ஓதும் இருக்கையில் மறுபடி அமரக் கூடாது என்பது அந்த விகாரத்தின் விதி.

சும்மா இருந்தால், அந்தப் பகுதி இல்லாமலேயே போதனை கடல் கடந்துவிடும்.

மிங்ஷூவிடம் போனான்.

"உங்கள் நாட்டில் ஆசிரியர் பிழை செய்தால் மாணவர் என்ன செய்வார்?"

மிங்ஷூ தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். "என் தகப்பனார் என்னைப் பழைய முறைப்படி வளர்த்தார். தகப்பன் பிழையை மகன் மறைப்பான். ஆசிரியரும் தகப்பன்தான்."

"மறைப்பது பொய் இல்லையா?"

"மரியாதை என்போம். எங்கள் ஊரில் இன்னொரு கூட்டம் உண்டு. தண்ணீர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பார்கள். அவர்களிடம் இதைக் கேட்டால், போய் மீன் பிடி என்பார்கள்." சிரித்தார். "நானோ தகப்பன் சொல்லை மீறி மொட்டையடித்துக்கொண்டவன். என்னிடம் வந்து கேட்கிறீர்களே. யார் பிழை செய்தது?"

"யாரும் இல்லை," என்றான் மித்திரன்.

அன்று மாலை கிணற்றடியில் தேரர் துணியில் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்தார். தண்ணீரில் இருக்கும் சிற்றுயிர்கள் சாகாமலிருக்கப் பிக்குகள் அப்படித்தான் குடிப்பார்கள்.

"ஐயா, மூத்தவர் பிழையை இளையவர் சொல்லலாமா?"

தேரர் வடிதுணியைப் பிழிந்து அவனிடம் நீட்டினார். "இதில் ஓட்டை இருக்கிறதா பார்."

வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "ஒன்று இருக்கிறது. ஊசிமுனை அளவுதான்."

"என் கண்ணுக்குத் தெரியவில்லை. தைத்துக் கொடு."

"ஐயா, நான் கேட்டது..."

"கறுப்பு இழையால் தை. தைத்த இடம் தெரியட்டும்."

மித்திரன் தைத்துக் கொடுத்தான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

பௌர்ணமி வந்தது. மழைக்கால வாசம் முடியும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிக்குவும் சபை முன்னால் குந்தி, கை கூப்பி, தன் குறையைச் சொல்லும்படி மற்றவர்களைக் கேட்க வேண்டும். மும்முறை கேட்க வேண்டும். மூத்தவர் முதலில்.

தேரர் இருக்கையிலிருந்து இறங்கிக் குந்தினார்.

"கண்டதோ, கேட்டதோ, ஐயப்பட்டதோ, என்னிடம் ஏதும் குறை இருந்தால் இரக்கப்பட்டுச் சொல்லுங்கள்."

துறையில் மூட்டை ஏற்றுபவர்களின் கூவல் கேட்டது. மிங்ஷூவின் காகிதக் கட்டு மெழுகுத்துணி சுற்றி, கயிறு போட்டு, வாசலருகே தயாராக இருந்தது.

"குறை இருந்தால் இரக்கப்பட்டுச் சொல்லுங்கள்," என்றார் தேரர் இரண்டாம் முறை.

மித்திரன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

பக்கத்திலிருந்த குணதாசன் முணுமுணுத்தான். "என்ன மித்திரா, இப்படி வியர்க்கிறது? உட்கார்ந்த இடத்தில் உப்பு விளைந்துவிடப் போகிறது."

மூன்றாம் முறை தேரரின் குரல் இறங்கியிருந்தது. "சொல்லுங்கள்."

"ஐயா," என்றான் மித்திரன்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"மூன்று நாள் முன்பு ஓதியதில் ஒரு பகுதி விடுபட்டது."

"எது?"

மித்திரன் சொன்னான். நோயாளி, தண்ணீர், கழுவிய கை. சொல்லி முடிக்கும்வரை தேரர் கண்ணை மூடியிருந்தார்.

"எனக்கு நினைவில்லை," என்றார்.

குணதாசன் எழுந்தான். "ஆசிரியருக்கே நினைவில்லாதது இவனுக்கு எங்கிருந்து வந்தது? உப்பளத்தில் கேட்டிருப்பான்!"

சிலர் சிரித்தார்கள். தேரர் சிரிக்கவில்லை.

"நான் எப்போது சொல்லிக்கொடுத்தேன்?" என்று கேட்டார்.

"நான் வந்த நான்காம் ஆண்டு, ஐயா. எனக்குக் காய்ச்சல். என் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே சொன்னீர்கள். நான் தப்பாகத் திருப்பிச் சொன்னேன். சரியாக வரும்வரை ஒன்பது முறை சொல்ல வைத்தீர்கள்."

"காய்ச்சலிலா?"

"காய்ச்சலில்தான்."

"அப்படியானால் சொல்லிக்கொடுத்தது நான்தான்," என்றார் தேரர்.

தரையில் கை ஊன்றி எழுந்தார். ஓதும் இருக்கையில் விரித்திருந்த துணியைத் தாமே மடித்து எடுத்தார். "மிங்ஷூ, கட்டை அவிழுங்கள்."

மிங்ஷூ கயிற்றை அவிழ்த்தார். மித்திரன் ஓதினான். மிங்ஷூ தூரிகையை நனைத்துவிட்டுக் கேட்டார்: "வரிசையில் நுழைத்து எழுதட்டுமா? அந்தத் தாளையே மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது."

"ஓரத்தில் எழுதுங்கள்," என்றார் தேரர். "விட்ட இடம் தெரியட்டும்."

பிறகு கடைசி வரிசைக்குப் போய், வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சபை கலைந்ததும் மித்திரன் அவர் காலடியில் வந்து உட்கார்ந்தான். தேரர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் இருக்கையைப் பறித்துவிட்டேன், ஐயா."

"இரண்டு முறை கேட்டேன். நீ பேசவில்லை."

"பயமாக இருந்தது."

"மூன்றாம் முறை கேட்கும்போது எனக்கும் பயம்."

மித்திரன் நிமிர்ந்தான். "உங்களுக்கா? இருக்கை போய்விடும் என்றா?"

"ஆடி மாதத்திலிருந்தே தெரியும். எதையோ விடுகிறேன். எதை என்றுதான் தெரியவில்லை." தேரர் காலை மெல்ல நீட்டினார். "நீயும் சொல்லாமல் என்னை அப்படியே விட்டுவிடுவாயோ என்றுதான் பயந்தேன்."