எட்டாவது பீக்கர்

"என் கைக்கு மறந்துபோச்சு மேடம். இத்தோட நிறுத்திக்கிடுதேன்."

இதைச் சொன்ன வேதமாணிக்கத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய ஆய்வு வழிகாட்டி ஜெயசெல்விக்கு நாற்பத்தொன்று. நாகர்கோவிலில் ஒரு கல்லூரி. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் பாதியில் விட்ட ஆராய்ச்சியை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, அதே ஆய்வகத்தில் மறுபடி தொடங்கியிருந்தார்.

"எது மறந்துபோச்சு?"

"நிறம்."

கடற்கரை மணலில் ஒளிந்துகிடக்கும் அரிய உலோகங்களில் ஒன்று நியோடிமியம். அதன் உப்புக் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஹைட்ராக்சைடு கஞ்சி போலத் திரண்டு அடியில் படியும். அவ்வளவுதான் வேலை.

"அப்பம் நான் செஞ்சது நல்ல இளம் ஊதா. கூடப் படிச்ச ஸ்டெல்லா எட்டிப் பாத்துட்டு, சின்ன வெங்காயத் தோலை அரைச்சு வச்சிருக்கீங்களான்னு கேட்டா. இப்பம் வெளிறின நீலமா வருது. ஏழு தடவை."

ஸ்டெல்லா பிறகு அவருக்கு மனைவியானாள். அவள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. பட்டமெல்லாம் சாக்கு, மனிதர் அந்த நிறத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்பது ஜெயசெல்விக்குத் தெரியும்.

"ஏழையும் என்ன செஞ்சீங்க?"

"கழிவுக் கேன்ல கொட்டிட்டேன்."

"யாரைக் குத்தம் சொன்னீங்க?"

"முதல்ல தண்ணியை. பிறகு அம்மோனியா பாட்டிலை. பிறகு உப்பு வித்தவனை. இப்பம் என் கையை."

எட்டாவது பீக்கர் மேசையில் இருந்தது. தலைக்கு மேலே நான்கு ட்யூப்லைட்டுகள் எரிந்தன. இதுவும் நீலம்தான்.

"அந்தக் காலத்துல இங்க என்ன லைட்டு?"

"லைட்டா? பாதி நாள் கரண்டே கிடையாது. எல்லாரும் வராந்தாவுலதான்..."

ஜெயசெல்வி பீக்கரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு நடந்தார். வேதமாணிக்கம் பின்னாலேயே போனார்.

காலை பதினோரு மணி வெயில். பீக்கருக்குள் இளம் ஊதா.

அவர் அதை வாங்கி உள்ளே கொண்டுபோனார். நீலம். வெளியே வந்தார். ஊதா. இப்படி மூன்று தடவை நடந்தார். நான்காவது தடவை நடக்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது.

"அப்பம் கொட்டின அந்த ஏழும் ஊதாதானா?"

"அதை விடுங்க சார். இதை வடிகட்டுங்க. ரொம்ப நேரம் காத்து பட்டா கார்பனேட் ஆகிக் கெட்டுரும்."

வேதமாணிக்கம் பீக்கரைக் கீழே வைக்கவில்லை.

ஜெயசெல்வி உள்ளே போய் ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து வெயிலில் போட்டார்.

"உக்காந்து பாத்துக்கிட்டு இருங்க சார். ஒன்பதாவதை வடிகட்டிக்கிடலாம்."