செம்பட்டை நரி காய்ச்சிய தினைத் தேறல்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், பிள்ளைகளே, யார் எதைச் சொன்னாலும் நம்பாத ஒரு நரி இருந்தது. அதன் பெயர் செம்பட்டை. காலையில் குயில் கூவினால், 'இது எதற்கு இப்போது கூவுகிறது? இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது' என்று நினைக்கும். ஓடையில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று மான் சொன்னால், தானே போய்க் காலை விட்டுப் பார்த்துவிட்டு வரும். பார்த்த பிறகும் பாதிதான் நம்பும்.

இப்படிப்பட்ட பிறவிக்குக் கல்யாணம் எங்கே நடக்கும்? இரண்டு இடத்தில் பேசி, இரண்டும் தட்டிப்போயின. மூன்றாவதாக மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் பூவாலி. செம்பட்டை அதை ஒரே ஒரு தடவை நீர்த்துறையில் பார்த்திருந்தது. அன்று முதல் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு பிடித்துப்போயிற்று. இதுவும் கைநழுவினால் இந்தப் பக்கத்தில் இனி யாரும் பெண் தரமாட்டார்கள் என்பதும் அதற்குத் தெரியும்.

நரிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் வரும் நாளில், மாப்பிள்ளை தன் கையால் செய்த தினைத் தேறலை அவர்களுக்கு ஊற்ற வேண்டும். தினையை முளைகட்டி, காயவைத்து இடித்து, வேகவைத்து வடித்து, அந்தச் சாற்றைப் பானையில் ஊற்றிப் புளிக்கவைத்தால் அதுதான் தேறல். ஊற்றினால் பேச்சு தொடரும். ஊற்றாவிட்டால் பெண் வீட்டார் எழுந்து போய்க்கொண்டே இருப்பார்கள். பூவாலியின் அப்பா நரைமூக்கு, நான்காம் நாள் வருகிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தது.

செம்பட்டை தினையை வேகவைத்து வடித்துவிட்டது. ஆனால் சாறு புளிப்பதற்குப் பழைய தேறலின் அடிமண்டி கொஞ்சம் வேண்டுமே. அந்தக் காட்டில் அது ஊசியக்காவிடம் மட்டும்தான் இருந்தது. ஊசியக்கா ஒரு முள்ளம்பன்றி. மனசில் ஒன்று, வாயில் ஒன்று என்ற பழக்கமே அதற்குக் கிடையாது. எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடும். அதன் முள்ளை விட வாய்தான் அதிகம் குத்துகிறது என்று காட்டில் பேசிக்கொள்வார்கள்.

வேறு வழியில்லாமல் செம்பட்டை அங்கே போய் நின்றது. ஊசியக்கா ஒரு சுரைக்குடுவை நிறைய மண்டியை அள்ளிக் கொடுத்தது.

"தம்பி, நன்றாகக் கேட்டுக்கொள். இது கோடைக்காலம். முதல் இரண்டு நாள் பானைக்குள் பேயாட்டம் நடக்கும், நுரை குபுகுபுவென்று ஏறும். அதனால் வாய் வரை நிரப்பாதே, மேலே ஒரு சாண் காலியாக விடு. மண் பூசி மூடும்போது ஒரு நாணல் குழலைச் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கி வை. உள்ளே உண்டாகிற காற்று அது வழியாக வெளியே போய்விடும், ஈயும் உள்ளே போகாது. பானையை நிழலாகப் பார்த்து ஓடைத் தண்ணீரில் நிறுத்து. சூடு கூடினால் ஆட்டமும் கூடும்."

செம்பட்டை பவ்யமாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தது. புதரைத் தாண்டியதுதான் தாமதம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒரே மூச்சில் மூன்று பொய்! இது யாரிடம் கதை விடுகிறது?

ஒரு சாண் காலியாக விடச் சொன்னது எதற்கு? வந்தவர்களுக்குத் தேறல் போதாமல் நான் அவமானப்பட வேண்டும், அதற்குத்தான். குழல் எதற்கு? நான் அசந்த நேரத்தில் மறுமுனையில் வாயை வைத்து உறிஞ்சிவிடலாம், அதற்குத்தான். ஓடையில் வைக்கச் சொன்னது? ஊசியக்காவின் வளை ஓடைக்கரையில்தானே இருக்கிறது. அடேயப்பா, எப்படி யோசித்திருக்கிறது பார்!

ஆக, சொன்னதற்கெல்லாம் நேர்மாறாகச் செய்தது செம்பட்டை. சாற்றைத் தளும்பத் தளும்ப ஊற்றியது. குழலும் கிழலும் இல்லாமல் வாயைக் களிமண்ணால் அடைத்தது. தன் குகை வாசலில், வெயில் சுளீரென்று அடிக்கிற பாறைமேல் பானையை வைத்து, பக்கத்திலேயே காவலுக்குப் படுத்துக்கொண்டது.

முதல் நாள் மாலையே களிமண் விரிசல் விட்டு நுரை எட்டிப் பார்த்தது. செம்பட்டை இன்னும் கொஞ்சம் மண்ணை அப்பி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தது. இரண்டாம் நாள் கல் நகர்ந்தது. அதைவிடப் பெரிய கல்லாக வைத்தது. அந்தப் பக்கம் வந்த அணில், பானைக்குள் ஏதோ உறுமுகிறதே, கொஞ்சம் திறந்துதான் விடேன் என்று சொல்லிப் பார்த்தது. உன்னை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும் என்று செம்பட்டை அதை விரட்டியடித்தது.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் பானை தானாகவே ஆடியது. செம்பட்டைக்கு அக்கா சொன்னது ஒருவேளை நிஜம்தானோ என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தோன்றியது. உடனே சுதாரித்துக்கொண்டது. 'என்னை இப்படி நினைக்கவைப்பதுதான் அதன் திட்டம்' என்று சொல்லிக்கொண்டே, காட்டுக்கொடியால் பானையையும் கல்லையும் சேர்த்து இறுக்கிக் கட்டியது.

நான்காம் நாள், சொன்னபடியே பெண் வீட்டார் வந்தார்கள். மலை ஏறி இறங்கிய களைப்பில் நரைமூக்குக்கு நாக்கு வெளியே தொங்கியது. பூவாலி வெட்கப்பட்டு அப்பாவின் பின்னால் உட்கார்ந்தது. செம்பட்டைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாருங்கள், உட்காருங்கள் என்று உபசரித்துவிட்டு, பானையைப் பாறையிலிருந்து நிழலுக்கு உருட்டிக்கொண்டு வந்தது.

நான்கு நாளாக அடைபட்டுக் கிடந்த பானையை உருட்டினால் என்ன ஆகும்? டமார்! கல் ஒரு பக்கம் பறந்தது, ஓடு ஒரு பக்கம் பறந்தது. நுரை மரம் உயரத்துக்கு எழும்பி, மாப்பிள்ளை, மாமனார், பெண் எல்லார் தலையிலும் கொட்டியது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் குடிக்க ஒரு சொட்டுக்கூட மிஞ்சவில்லை.

"அந்த முள்ளம்பன்றி என்னை ஏமாற்றிவிட்டது" என்று அலறியது செம்பட்டை.

உடம்பெல்லாம் பிசுபிசுத்ததால், எல்லாரும் கழுவிக்கொள்ள ஓடைக்குப் போனார்கள். அங்கே ஊசியக்காவின் பானை நிழலில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு நாணல் குழல். குழலின் மறுமுனை கிண்ணத்துத் தண்ணீருக்குள் இருந்தது. எப்போதாவது ஒரு குமிழி மட்டும் குளுக்கென்று வெளியே வந்தது.

ஊசியக்கா அவர்களை உட்காரவைத்து ஆளுக்கொரு குடுவை ஊற்றியது. தேறல் தெளிந்து, மணமாக இருந்தது. நரைமூக்கு குடித்துவிட்டு, மாப்பிள்ளைக்கு என்னதான் சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்டது. ஊசியக்கா ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அன்றைக்குச் சொன்னதையே திரும்பச் சொன்னது. சொன்னதெல்லாம் அந்தப் பானையிலேயே கண்ணெதிரே இருந்தது.

செம்பட்டையின் முகம் தொங்கிப்போயிற்று. "நிஜத்தைத்தான் சொல்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று முணுமுணுத்தது.

பூவாலி எழுந்தது.

"நாளைக்கு நான் பசிக்கிறது என்று சொன்னால், இவள் வயிறு நிறையத் தின்றுவிட்டுத்தான் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொன்னால், வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்பீர்கள். உங்கள் வீட்டில் என்னால் வாழ முடியாது. அப்பா, வாருங்கள் போகலாம்."

அப்பாவும் மகளும் மலைப்பாதையில் ஏறினார்கள். ஓடிப்போய் மன்னிப்புக் கேள், இப்போதே போ என்று ஊசியக்கா செம்பட்டையை அதட்டியது.

செம்பட்டை ஓரக்கண்ணால் அதைப் பார்த்துச் சிரித்தது. "அக்கா, அவர்கள் போகவில்லை, போவதுபோல் நடிக்கிறார்கள். நான் கெஞ்ச வேண்டும் என்று பார்க்கிறார்கள். வளைவு திரும்பியதும் வந்துவிடுவார்கள், பார்."

வளைவு திரும்பினார்கள். வரவில்லை. செம்பட்டை பாதையோரத்தில் உட்கார்ந்துகொண்டது. மறுநாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. மழைக்காலம் தொடங்கியதும், மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு முயல், பூவாலிக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனது.

"பொய்" என்றது செம்பட்டை.

நீதி: யாரையுமே நம்பாதவனை ஏமாற்ற வேறு ஆள் வேண்டாம், அவனே போதும்.